ஒரே இயங்குதளத்தை நம்பினால் போதுமா?

காத்தோங்கில், ஈஸ்ட் கோஸ்ட் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் சிறு தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் 2024 மே மாதம் வேலைப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கீழ்த்தளத்தில் உணவுக்கடை. மேலே பத்துப் பேர் நெருக்கி உட்காரும் ஓர் அறை. மருந்தகங்கள், துணைப்பாட நிலையங்கள் போன்ற சிறு வாடிக்கையாளர்களின் இணையத்தளங்களையும் முன்பதிவு முறைகளையும் நடத்தித் தருவதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். அதற்காக 34 சேவையகங்களை, அதாவது சர்வர்களை, வேறோர் இடத்தில் உள்ள தரவு நிலையத்தில் வைத்திருந்தார்கள்.

முதல் நாளே எனக்கு ஒரு வேலை தரப்பட்டது. அந்த 34 சேவையகங்களும் ‘சென்ட் ஓஎஸ் 7’ என்ற இயங்குதளத்தில் ஓடின. அதற்கான பாதுகாப்பு மேம்பாடுகள் 2024 ஜூன் 30ஆம் தேதியுடன் நின்றுவிடும். ஆகவே, சேவையகங்களைத் தானாக நிறுவித் தரும் மென்பொருளில் மேலும் இரண்டு இயங்குதளங்களைச் சேர்க்க வேண்டும். ஒன்று ராக்கி லினக்ஸ், மற்றொன்று உபுண்டு.

“பட்டியல்ல ரெண்டு பேரைச் சேர்க்கணும், அவ்வளவுதான் தம்பி,” என்றார் எனக்கு வழிகாட்டிய மூத்த பொறியாளர். அரை நாள் வேலை என்று நானும் நினைத்தேன். பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. ஜூன் 23ஆம் தேதி மரின் பரேட் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டு, பேருந்தை விட்டு ரயிலில் வேலைக்குப் போகத் தொடங்கியபோது, கெடு முடிய ஒரு வாரமே இருந்தது. பாதிச் சேவையகங்கள்கூட அப்போது மாறியிருக்கவில்லை.

அந்த அனுபவத்திற்குப் பிறகுதான், ‘இத்தனை இயங்குதளங்களில் இயங்கும்’ என்று மென்பொருள்களின் விளம்பரத்தில் வரும் ஒற்றை வரியை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். தொழில்நுட்பப் பிரிவினர் மட்டும் கவலைப்பட வேண்டிய விவகாரம் இல்லை இது. வங்கிக் கணக்கு, மருத்துவ முன்பதிவு, பள்ளிப் பாடம் என அனைத்தையும் சேவையகங்களிடம் ஒப்படைத்துவிட்ட நாடு நம்முடையது.

ஆளில்லாமல் நடக்கும் நிறுவல்

புதிதாக வாங்கிய மடிக்கணினியை முதன்முறை இயக்கும்போது மொழி, நேரம், கடவுச்சொல் என்று பல கேள்விகள் வரும். நாம் ஒவ்வொன்றாகப் பதில் தருவோம். ஒரு கணினி என்றால் பரவாயில்லை. ஆயிரம் சேவையகங்கள் உள்ள தரவு நிலையத்தில் ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர் உட்கார்ந்து பதில் தட்டச்சு செய்ய முடியாது.

தானியக்க நிறுவல் மென்பொருள் அங்குதான் உதவுகிறது. எந்த இயங்குதளமும் இல்லாத வெற்றுக் கணினிக்கு மின்சாரம் கொடுத்தவுடன், அதன் வலையமைப்பு அட்டை ‘எனக்கு முகவரி என்ன, நான் எதிலிருந்து தொடங்க வேண்டும்’ என்று வலையமைப்பிடம் கேட்கும். நிறுவல் மென்பொருள் அதற்குப் பதில் தந்து, தேவையான தொடக்கக் கோப்பை அனுப்பும். பின்னர் ‘விடைக் கோப்பு’ ஒன்று போகும். வட்டை எப்படிப் பிரிப்பது, எந்த மென்பொருள்களை ஏற்றுவது, யாருக்கு அனுமதி தருவது போன்ற எல்லாக் கேள்விகளுக்கும் அதில் முன்கூட்டியே பதில் எழுதப்பட்டிருக்கும். சில நிமிடங்களில் சேவையகம் தயாராகிவிடும். மாஸ், ஃபோர்மேன், காப்ளர் ஆகியவை இப்படிப்பட்ட மென்பொருள்கள். நிறுவிய பிறகு அமைப்புகளைச் சீர்செய்ய ஆன்சிபிள், பப்பெட் போன்றவை உள்ளன.

சிக்கல் விடைக் கோப்பில் இருக்கிறது. ஒவ்வோர் இயங்குதளமும் தனக்கென ஒரு விடைக் கோப்பு முறையை வைத்திருக்கிறது. ரெட் ஹாட் குடும்பம் ‘கிக்ஸ்டார்ட்’ என்ற முறையைப் பயன்படுத்துகிறது. டெபியனுக்கு ‘ப்ரீசீட்’, விண்டோசுக்கு வேறொரு முறை. உபுண்டுவோ பல காலம் டெபியன் முறையைப் பின்பற்றிவிட்டு, 2020 ஏப்ரலில் வந்த 20.04 பதிப்பிலிருந்து ‘ஆட்டோ இன்ஸ்டால்’ என்ற புதிய முறைக்கு மாறியது. ஒரே இயங்குதளத்தின் பழைய பதிப்புக்கு எழுதிய பதில்கள் புதிய பதிப்புக்குப் பயன்படவில்லை.

சென்ட் ஓஎஸ் சொல்லும் பாடம்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்ததைப் பலர் அறிவர். அந்த நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டது. சென்ட் ஓஎஸ் கதை வேறு.

2004ஆம் ஆண்டு தொடங்கிய சென்ட் ஓஎஸ், ரெட் ஹாட் நிறுவனம் கட்டணத்துக்கு வழங்கும் இயங்குதளத்தின் இலவச மறுபதிப்பு. பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள், சிறு நிறுவனங்கள் என்று உலகெங்கும் அதைப் பயன்படுத்தினார்கள். 2014இல் அது ரெட் ஹாட்டின் அரவணைப்பில் வந்தது. 2019இல் ரெட் ஹாட் நிறுவனத்தை ஐபிஎம் 34 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான சென்ட் ஓஎஸ் 8, 2029 வரை பராமரிக்கப்படும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 2020 டிசம்பர் 8ஆம் தேதி, 2021 இறுதியோடு அது நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. கிட்டத்தட்ட ஏழரை ஆண்டுகள் ஒரே நாளில் சுருங்கிவிட்டன.

மாற்று விரைவாகவே வந்தது. 2021 மார்ச் மாதம் அல்மா லினக்ஸ், ஜூன் மாதம் ராக்கி லினக்ஸ் ஆகியவற்றின் முதல் நிலையான பதிப்புகள் வெளியாயின. 2022 டிசம்பரில் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகமும் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகமும் அல்மா லினக்சைத் தேர்வுசெய்தன.

எனினும், மாற்று இயங்குதளம் வந்துவிட்டால் மட்டும் போதவில்லை. நிறுவல் மென்பொருள்கள் அதை ஏற்க வேண்டும். பல மென்பொருள்கள் தொடங்கும்போது இயங்குதளத்தின் பெயரைப் பார்க்கும். பெயர் பட்டியலில் இருந்தால் வேலையைத் தொடரும், இல்லாவிட்டால் நின்றுவிடும். உள்ளே கிட்டத்தட்ட அனைத்தும் சென்ட் ஓஎஸ் போலவே இருந்தாலும், ‘ராக்கி’, ‘அல்மா’ என்ற பெயர்கள் அறிமுகமில்லாதவை. ஆன்சிபிள் போன்ற மென்பொருள்களில் ‘இவையும் ரெட் ஹாட் குடும்பம்தான்’ என்று சொல்லும் வரிகள் சேர்க்கப்பட்ட பிறகே எல்லாம் சீராக நடந்தது.

ஓர் இயங்குதளத்தை விட்டு வெளியேறும் உரிமை உரிமப் பத்திரத்தில் நமக்கு இருக்கலாம். ஆனால் நம்மிடம் உள்ள கருவிகள் ஒன்றை மட்டுமே அறிந்திருந்தால் அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது.

வட்டார வழக்கும் வேறு மொழியும்

என் அனுபவத்தில், ராக்கி லினக்சைச் சேர்க்க இரண்டே நாள்தான் ஆனது. யாழ்ப்பாணத் தமிழ் பேசுபவரிடம் சிங்கப்பூர்த் தமிழர் பேசுவதைப் போன்றது அது. சில சொற்கள் மாறும், சொல்ல வந்தது புரிந்துவிடும்.

உபுண்டு அப்படியில்லை. அது வேறு மொழி. இணையச் சேவையக மென்பொருளான அப்பாச்சிக்குச் சென்ட் ஓஎஸ்ஸில் ‘எச்டிடிபிடி’ என்று பெயர். உபுண்டுவில் ‘அப்பாச்சி2’. மென்பொருள்களை ஏற்றும் கட்டளை வேறு. வலையமைப்பு அமைப்புகளை எழுதும் கோப்பு வேறு. எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு முறையும் வேறு. ஒவ்வொன்றாகத் தேடித் தேடி மாற்றினேன்.

பெரிய தவறு ஒன்றையும் செய்தேன். சென்ட் ஓஎஸ்ஸில் ‘ஃபயர்வால்டி’ என்ற தடுப்புச் சுவர் இருந்தது. எங்கள் நிரலில் ‘ஃபயர்வால்டி இருந்தால் இந்த விதிகளைப் போடு’ என்று எழுதியிருந்தார்கள். உபுண்டுவில் வழக்கமாக இருப்பது ‘யூஎஃப்டபிள்யூ’ என்ற வேறொரு கருவி. நாமாக இயக்கும் வரை அது அணைந்தே இருக்கும். நான் நிறுவிய முதல் உபுண்டு சேவையகத்தில் ஃபயர்வால்டி இல்லை. ஆகவே நிரல் அந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றது. பிழை எதுவும் காட்டவில்லை. இறுதியில் பச்சை எழுத்தில் ‘வெற்றி’ என்று வந்தது. நானும் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் அந்த மூத்த பொறியாளர்தான் கவனித்தார். ஒரு மருந்தகத்தின் முன்பதிவுத் தரவுத்தளம் தடுப்புச் சுவர் இல்லாமல் இணையத்தை நோக்கித் திறந்திருந்தது. நோயாளிகளின் பெயர்களும் தொலைபேசி எண்களும் அதில் இருந்தன. பதிவேடுகளை அன்றிரவு முழுதும் அலசினோம். வெளியார் யாரும் உள்ளே வந்த தடயம் இல்லை. அது எங்கள் அதிர்ஷ்டம். அவர் என்னைத் திட்டவில்லை. “வேலை முடிஞ்சுதான்னு மென்பொருள் சொல்லும். சரியா முடிஞ்சுதான்னு நாமதான் பார்க்கணும்,” என்று மட்டும் சொன்னார்.

ஓர் இயங்குதளத்தை ஆதரிக்கிறோம் என்று சொல்வதில் இரண்டு நிலைகள் இருக்கின்றன. ‘அதில் நிறுவினால் தடைபடாது’ என்பது ஒன்று. ‘அதில் நிறுவிய சேவையகம் நாம் நினைத்தபடி பாதுகாப்பாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கிறோம்’ என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சில வரிகள் போதும். இரண்டாவதற்கு ஆளும் நேரமும் பணமும் தேவை. ஐந்து இயங்குதளங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பதிப்புகள், இரண்டு வகைச் சில்லுகள் என்று வைத்துக்கொண்டாலே 30 விதங்களில் சோதிக்க வேண்டும். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மீண்டும் சோதிக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு இது ஏன் முக்கியம்?

சிங்கப்பூரில் 70க்கும் மேற்பட்ட தரவு நிலையங்கள் உள்ளன. அவற்றின் மொத்தத் திறன் 1.4 கிகாவாட்டுக்கும் அதிகம். இன்னும் குறைந்தது 300 மெகாவாட் சேர்க்க வகைசெய்யும் பசுமைத் திட்டத்தைத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2024 மே மாதம் அறிவித்தது. இத்தனை சேவையகங்களையும் மனிதக் கைகளால் நிறுவ முடியாது. தானியக்கம் தவிர்க்க முடியாதது.

தானியக்கத்தில் நன்மையைப் போலவே தவறும் வேகமாகப் பரவும். 2024 ஜூலை 19ஆம் தேதி நடந்ததை நினைவுகூரலாம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான மேம்பாடு, உலகெங்கும் ஏறக்குறைய 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகளை முடக்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவுசெய்ய நேர்ந்தது. லினக்ஸ், மேக் கணினிகளை அந்த மேம்பாடு தொடவில்லை. பாதிக்கப்பட்ட பல கணினிகள் தொடங்கவே முடியாத நிலையில் இருந்ததால், தொலைவிலிருந்து தானாகச் சரிசெய்ய வழியில்லாமல் ஊழியர்கள் ஒவ்வொன்றாகச் சென்று சரிசெய்தனர்.

இதைக் கொண்டு ‘லினக்ஸ் பாதுகாப்பானது, விண்டோஸ் ஆபத்தானது’ என்று முடிவு கட்டுவது சரியல்ல. அடுத்த முறை பிழை லினக்சில் வரலாம். எல்லாக் கணினிகளும் ஒரே மாதிரி இருக்கும் இடத்தில் ஒரு பிழை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மாற்று ஏற்பாடு இருந்தும் உதவாமல் போன சம்பவமும் இங்கு நடந்திருக்கிறது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி தரவு நிலையம் ஒன்றில் குளிரூட்டும் முறை பழுதடைந்ததில் டிபிஎஸ், சிட்டி வங்கிச் சேவைகள் தடைபட்டன. இரு வங்கிகளும் மாற்றுத் தரவு நிலையங்களுக்கு மாற முயன்றன. ஆனால் டிபிஎஸ் தரப்பில் வலையமைப்பு அமைப்பில் இருந்த தவறும் சிட்டி தரப்பில் இணைப்புக் கோளாறும் மீட்பைத் தாமதப்படுத்தின என்று பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இங்கே பேச்சு இயங்குதளம் பற்றியதன்று. ஆனால் பாடம் ஒன்றே. மாற்று இருப்பதும் அது தேவையான நேரத்தில் வேலை செய்வதும் ஒன்றல்ல.

தமிழ்நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

இந்தக் கேள்வி சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. 2014 ஏப்ரல் 8ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுக்கு வந்தபோது, அரசு அலுவலகக் கணினிகளில் ‘பாஸ் லினக்ஸ்’ இயங்குதளத்தைப் பயன்படுத்துமாறு தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. இந்திய அரசின் சி-டாக் அமைப்பு சென்னையில் உருவாக்கிய, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கக்கூடிய மென்பொருள் அது.

உள்நாட்டில் உருவான மாற்று கையில் இருந்ததால்தான் அப்படியோர் அறிவுறுத்தல் சாத்தியமானது. ஆனால் ஓர் ஆணையால் மட்டும் இயங்குதளம் மாறிவிடாது. அச்சுப்பொறி வேலை செய்ய வேண்டும், பழைய கோப்புகள் திறக்க வேண்டும், கோளாறு வந்தால் சரிசெய்ய அலுவலகத்தில் ஆள் இருக்க வேண்டும். 34 சேவையகங்களை மாற்றவே நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால், ஒரு மாநில அரசின் கணினிகளை மாற்றுவது எவ்வளவு பெரிய பணி என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

ஒன்றே போதும் என்போர்

‘இவ்வளவு சிரமம் எதற்கு? ஒன்றை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. பத்துப் பேர் உள்ள நிறுவனம் ஐந்து இயங்குதளங்களைப் பராமரித்தால் எதையும் சரியாகப் பராமரிக்க முடியாது. அரைகுறையாகச் சேர்த்த இரண்டாவது இயங்குதளம், ஒன்று மட்டும் இருப்பதைவிட ஆபத்தானது. என் தடுப்புச் சுவர் கதையே அதற்குச் சான்று.

மேகக் கணிமைக்கு மாறிவிட்டால் இந்தக் கவலையே இல்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். வன்பொருள் கவலை குறையும் என்பது உண்மை. ஆனால் மேகத்தில் வாடகைக்கு எடுக்கும் சேவையகத்திலும் ஓர் இயங்குதளம்தான் ஓடுகிறது. வாடகைக்கு எடுப்பவரே அதைப் பெரும்பாலும் பராமரிக்க வேண்டும்.

ஆகவே, எத்தனை இயங்குதளங்களைச் சேர்க்கலாம் என்று கேட்பதைவிட, இப்போது இருப்பது நாளை இல்லாமல் போனால் எத்தனை நாளில் மாற முடியும் என்று கேட்பதே பயனுள்ளது. ஒரு சிறு நிறுவனத்துக்கு முதன்மையாக ஒன்று, சோதித்து வைத்த மாற்று ஒன்று என்று இரண்டு இருந்தால் போதும் என்பது என் கருத்து. ஆண்டுக்கு ஒரு முறையாவது முக்கியமில்லாத ஒரு சேவையகத்தை மாற்று இயங்குதளத்தில் நிறுவி, தடுப்புச் சுவர் முதல் காப்புப் பிரதி வரை சரிபார்க்க வேண்டும். தீயணைப்புப் பயிற்சியை நாம் அப்படித்தானே செய்கிறோம்?

மென்பொருளை விற்பவர்களும் நேர்மையாக இருக்க வேண்டும். ‘நிறுவ முடியும்’ என்பதற்கும் ‘முழுமையாகச் சோதித்துள்ளோம்’ என்பதற்கும் தனித்தனிப் பட்டியல் தரலாம். மேகச் சேவைகள், தரவு நிலையங்களின் மீள்திறனுக்கும் பாதுகாப்புக்கும் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் ஆலோசனை வழிகாட்டிகளை வெளியிட்டது. பெரிய நிறுவனங்களுக்கு அது நல்ல தொடக்கம். அதே அக்கறை காத்தோங் கடைவீட்டு மாடியில் இயங்கும் நிறுவனங்களுக்கும் எட்ட வேண்டும். அக்கம்பக்கத்து மருந்தகத்தின் தரவுகள் இருப்பது அங்கேதான்.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

கணினித் துறையில் படிக்கும் நம்மில் பலர் ஓர் இயங்குதளத்தில் மட்டுமே பழகுகிறோம். பாடத்தில் தரப்படும் கட்டளைகளை அப்படியே தட்டச்சு செய்து மதிப்பெண் பெறுகிறோம். அந்தக் கட்டளை எதைச் செய்கிறது என்று கேட்பதில்லை. இரண்டாவது இயங்குதளத்தில் அதே வேலையைச் செய்து பார்க்கும்போதுதான் எது பெயர், எது உண்மையான செயல் என்று புரிகிறது. பழைய மடிக்கணினி ஒன்று போதும். லினக்ஸ் வகைகளில் பலவும் இலவசமாகக் கிடைக்கின்றன.

திறந்த மூல நிறுவல் மென்பொருள்களுக்குப் பங்களிக்கவும் வழி உண்டு. நிரல் எழுதத் தெரியாவிட்டாலும், ஒரு புதிய பதிப்பில் நிறுவிப் பார்த்து எது வேலை செய்யவில்லை என்று தெளிவாக அறிக்கை எழுதினால் அதுவே பெரிய உதவி. சோதிக்க ஆளில்லாததுதான் அத்தகைய மென்பொருள்களின் பெரிய குறை.

ஜூன் 30ஆம் தேதி இரவு எங்கள் 34 சேவையகங்களில் 27 மாறியிருந்தன. மீதி ஏழையும் இணையத்திலிருந்து ஒதுக்கி வைத்து, ஜூலை மாத இறுதிக்குள் மாற்றி முடித்தோம். பயிற்சியின் கடைசி வாரத்தில் ஒரு சிறு சோதனை நிரல் எழுதினேன். புதிய சேவையகம் தயாரானதும் அது வெளியிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கும். திறந்திருக்கக் கூடாத கதவு ஒன்று திறந்திருந்தாலும் ‘வெற்றி’ என்ற சொல் திரையில் வராது. நான் கிளம்பும் நாளில், அதை எல்லாச் சேவையகங்களிலும் ஓட விடுமாறு அந்த மூத்த பொறியாளர் சொன்னார். பழைய சேவையகங்களிலேயே இரண்டு கதவுகள் திறந்திருந்தன.